கொடி சிஸ்டர்

பெரியவளே, நீ வேலையில் சேர்ந்த அன்றைக்கு ஆபீசிலிருந்து போனில் வந்த ஆர்டரை எனக்குக் காட்டினாய். கட்டைவிரலால் சர்சர் என்று மேலே தள்ளினாய். கடைசியில் ஒரு கட்டத்தைத் தொட்டாய், அவ்வளவுதான், ஒத்துக்கொண்டதாக ஆகிவிட்டது. என்னம்மா எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போட்டிருப்பார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது, விடுங்கப்பா என்றாய். சின்னவனும் கூடச் சேர்ந்து கன்னடத்தில் ஏதோ கேலி செய்தான். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு சிஸ்டரின் ஞாபகம் வந்தது.

அவரைப் பற்றி எழுதி வைக்கலாம் என்று இருக்கிறேன். எனக்குத் தமிழில்தான் எழுத வரும், அதுவும் பத்தாவது வரைக்கும் படித்த தமிழ். நீங்கள் இரண்டு பேரும் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவீர்கள். புரியாத இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். அவர் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் இருக்கும் ஒருவரின் பெயரைக் கேட்காமல் எடுத்துப் போடுவது சரியில்லை.

மைசூரில் நான் ஒரு நர்சிங் ஹோமில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. சின்னவன் அப்போது அங்கன்வாடி போய்க்கொண்டிருந்தான். நர்சிங் ஹோமில் தமிழ் பேசுகிற நர்ஸ்கள் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். இவர் மார்டள்ளிக்காரர், கர்நாடகத்திலேயே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிற தமிழ் பேசுகிற ஊர். அந்த ஊர்ப் பேச்சு கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு மாதிரி இழுத்து, மரியாதையாக இருக்கும். என்னை "என்னங்ணா" என்றுதான் கூப்பிடுவார். முப்பது வயதைத் தாண்டியிருக்கும், கல்யாணம் ஆகவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாயால் சொல்கிற ஆர்டரை எடுக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை வேளை என்று கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நர்ஸ் அதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். படிப்பில் இதை எல்லா நர்ஸுக்கும் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் நடப்பில் அப்படியா நடக்கிறது? டாக்டர் படியில் இறங்கிக்கொண்டே, "சிஸ்டர், அந்த ஜன்னல் ஓரத்துப் பெட்டுக்கு ஒரு ஊசி போட்டுடுங்க" என்பார். மற்ற சிஸ்டர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போட்டுவிடுவார்கள். இவர் மட்டும் ஷீட்டையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு டாக்டர் பின்னாலேயே படியிறங்குவார். கன்னட டாக்டர்களிடம் கன்னடத்தில், "பரெது கொடி சார்" என்பார். எழுதிக் கொடுங்கள் என்று அர்த்தம். குரலை உயர்த்த மாட்டார், முகத்தையும் சுளிக்க மாட்டார். எழுதிக் கொடுக்கிற வரைக்கும் நகரவும் மாட்டார்.

ஒரு டாக்டர் ஒருநாள் கடுப்பாகி, காபி வேண்டுமென்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டுமா சிஸ்டர் என்று கேட்டாராம். "காபிக்கு வேண்டாங்க டாக்டர். சர்க்கரை போடணுமா வேண்டாமான்னு மட்டும் எழுதிருங்க" என்றாராம் இவர், சிரிக்காமல். அந்த டாக்டருக்குச் சர்க்கரை வியாதி.

என்னையும் விட்டதில்லை. நோயாளியை வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதற்கு வண்டியில் ஏற்றினால், எங்கே போகிறோம், எந்த வாசல், யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லுவார். சரி சிஸ்டர் என்று சாவியைத் திருகினால், "திருப்பிச் சொல்லுங்ணா" என்பார். சின்னப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி நான் ஒப்பிக்க வேண்டும். எரிச்சலாக இருக்கும். ஒரு தடவை உங்கள் அம்மா சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்க சிஸ்டர் என்று கூப்பிட்டேன். மத்தியானமா ராத்திரியா, அக்காவுக்குத் தெரியுமா, என்ன மணிக்கு என்று எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்தார். வந்தவர் அதிகம் பேசவில்லை. பெரியவளே, உனக்கு இரண்டு ஜடை பின்னிவிட்டார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு உங்கள் அம்மா, இந்தப் பெண் யார்கிட்டேயாவது மனசு விட்டுப் பேசுமா என்று என்னைக் கேட்டாள்.

அவருக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் விழுந்தது. "பரெது கொடி சிஸ்டர்." முதலில் கன்னடக்காரர்கள் சொன்னார்கள். பிறகு எல்லாரும் சொன்னார்கள். அவர் முன்னாலேயே சொல்லிச் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

அந்தச் சமயத்தில் துப்புரவு வேலைக்கு ஒரு காண்ட்ராக்டர் மூலமாகத் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. பரெது கொடி என்று எல்லாரும் சொல்வது அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்? முன்பாதி புரியவில்லை. பின்பாதி நல்ல தமிழ். கொடி. கொடி சிஸ்டர். அவர்களில் வயதான ஒரு அம்மா என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஏன் தம்பி, அந்தப் பொண்ணு எந்தக் கொடி பிடிக்குது? செவப்புக் கொடியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொடியும் இல்லை கிடியும் இல்லை, எழுதிக் கொடுங்கள் என்பதற்குக் கன்னடம் அது என்று விளக்கினேன். அந்த அம்மா நம்பவில்லை. திருப்பூர்ப் பக்கம் ஏதோ ஒரு மில்லில் கொடி பிடித்தவர்கள் பக்கத்தில் நின்றதற்கே மகனுக்கு வேலை போனதாம். இவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால் நமக்கும் ஆபத்து என்று அந்தப் பெண்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் பேசியதை ஆயாக்கள் கேட்டார்கள், ஆயாக்கள் சொல்லி ரிசப்ஷனுக்குப் போனது. ஒரு மாதத்துக்குள் அந்த வார்த்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கொடி பிடிக்கிற சிஸ்டர், யூனியன் கொண்டுவரப் பார்க்கிற சிஸ்டர் என்று ஆகிவிட்டது. எங்கள் நர்சிங் ஹோமில் யூனியன் என்ற ஒன்று எந்தக் காலத்திலும் கிடையாது. யூனியன் என்று வாயால் சொல்வதுகூடக் கிடையாது. ஊசி வேலையும் மருந்து வேலையும் தவிர வேறு ஒன்றும் அறியாத அந்த மனுஷியை, சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் ஒரு நாற்காலி தள்ளியே வைத்தார்கள். பிறகு இரண்டு நாற்காலி. அப்புறம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யூனியனைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ அதுவரை அவருக்கு ஒன்றும் தெரியாது. ஊர் முழுக்கத் தன்னைப் பற்றிப் பேசுகிறதே, அது என்னதான் என்று பார்க்கத்தான் அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கே போனார்.

சர்ச் ஹாலில் இரண்டாவது பூசை முடிந்ததும் ஒரு வக்கீல் வந்து சட்டம் சொல்லிக் கொடுப்பார். கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று யூனியன் இல்லாத இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு, காசு வாங்காமல். நல்ல குண்டு மனிதர், கன்னடக்காரர், பாதித் தமிழில் பேசுவார். உங்கள் அம்மாவைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போகிற நான், ஹாலில் டீ கொடுக்கிறார்கள் என்று உள்ளே போனேன். சிஸ்டர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதல் வாரம் ஹால் நிறைந்திருந்தது. உங்களை வேலைக்கு வைத்த பேப்பர் யார் யாரிடம் இருக்கிறது என்று வக்கீல் கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பேப்பர் இல்லையென்றால் பயப்பட வேண்டாம், அடையாள அட்டை, சம்பளம் பேங்கில் விழுந்தது, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று எது இருந்தாலும் நீங்கள் அங்கே வேலை செய்ததற்குச் சாட்சிதான் என்றார். ஒரு வருஷம் வேலை செய்த ஆளைச் சும்மா போ என்று சொல்ல முடியாது, முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இல்லை அதற்கான சம்பளம், நஷ்டஈடும் தர வேண்டும், தப்பு செய்தார் என்றால் என்ன தப்பு என்று எழுதிக் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்றார். பிறகு சொன்னார், இதுதான் முக்கியம் என்று விரலை ஆட்டிக்கொண்டு. "வாயால போன்னு சொன்னா போயிடாதீங்க. போயிட்டா, நாங்க அனுப்பவேயில்லை, அவங்களே நின்னுட்டாங்கன்னு சொல்லிடுவாங்க. மறுநாளும் போங்க. கேட்ல நில்லுங்க."

சிஸ்டர் தலையை ஆட்டினார். அவருக்கு அது புதிய பாடமாகவே தெரியவில்லை என்று நினைக்கிறேன். எழுதாத ஆர்டர் ஆர்டர் இல்லை. அவ்வளவுதானே.

மூன்றாவது வாரம் ஹாலில் மிஞ்சியது நாங்கள் நாலு பேர். யார் யார் வந்தார்கள் என்று முதலாளிகளுக்குப் போய்ச் சேருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. அதற்கடுத்த வாரம் சிஸ்டரும் நானும்தான். வக்கீல் சளைக்கவில்லை. இரண்டு நாற்காலிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாடம் நடத்தினார். அன்றைக்குச் சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. யூனியன் இல்லாத இடத்தில் ஒருவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டால், அவர் தனியாகவே லேபர் ஆபீசுக்குப் போகலாம், கோர்ட்டுக்கும் போகலாம். ஆனால் டூட்டியை இஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள், லீவு முறையை மாற்றுகிறார்கள் என்கிற மாதிரி விஷயமென்றால், ஒரு ஆள் போய் நின்று அதை வழக்காக்க முடியாது. கூட வேலை செய்கிறவர்களும் சேர்ந்து கேட்க வேண்டும்.

"எத்தனை பேருங்க சார்?" என்று சிஸ்டர் கேட்டார்.

"கணிசமான பேர்."

"கணிசம்னா எத்தனைங்க?"

வக்கீல் வயிறு குலுங்கச் சிரித்தார். "அது கோர்ட்டுக்கே சரியாத் தெரியாதம்மா."

"ஒருத்தருமே வரலைன்னா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, வரவில்லை என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அன்றைக்குத் திரும்பி வரும்போது சிஸ்டர் ஒரு விஷயம்தான் சொன்னார். "பாருங்ணா, வேலை போனாத்தான் சட்டத்தோட கண்ணுக்கு நம்ம ஒத்தை ஆளாத் தெரியறோம்."

அது அவருக்கே சீக்கிரம் நடந்தது. ஒரு மத்தியானம், வெளியிலிருந்து வந்து பார்க்கிற பெரிய டாக்டர் ஒருவர் போனில் ஒரு மருந்தைச் சொல்லி உடனே ஏற்றச் சொன்னார். சத்தமான இடம், பாதி கேட்கவில்லை. சிஸ்டர், டூட்டி டாக்டரை எழுதச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவரைத் தேடிப் போனார். அவர் வந்து எழுதக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு நாளில் நடந்தே வீட்டுக்குப் போனார். ஆனால் கூட வந்தவர்கள் கவுண்டரில் பெரிய சத்தம் போட்டார்கள்.

நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் முதலாளி டாக்டரின் அக்கா. எல்லாரும் மேடம் என்போம். மேடம் சிஸ்டரைக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் சாவியை மேடம் அறை வாசலில்தான் மாட்டி வைக்க வேண்டும், அதனால் எனக்குக் கேட்டது. கன்னடத்தில்தான் பேசினார்கள். கொடி, யூனியன், சர்ச்சில் கூட்டம் என்று மேடம் ஏதேதோ சொன்னார். கடைசியில், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

"நாளைக்கு எனக்கு ஆஃபுங்களா மேடம்?"

"ஆஃப் இல்லை. வரவே வேண்டாம்."

"அப்ப எழுதிக் குடுத்துருங்க மேடம்."

மேடம் கையால் வாசலைக் காட்டினார். எழுதிக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்டுக்குச் சிஸ்டர் வழக்கம்போல யூனிஃபார்மில் வந்தார். கையில் டிபன் பை. செக்யூரிட்டி அண்ணன் கேட்டை மறித்துக்கொண்டு நெளிந்தார். உள்ளே விடக் கூடாது என்று அவருக்கு ஆர்டர், அதுவும் வாயால்தான். சிஸ்டர் சரிங்க என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து எதிர் பஸ் ஸ்டாப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஷிஃப்டு முடிகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மழை பிடித்த சமயத்தில் அங்கே உட்கார ஆரம்பித்தவர், தசராவுக்குத் தெருவெல்லாம் விளக்குக் கட்டுகிற வரைக்கும் வந்தார்.

லேபர் ஆபீசில் மனு கொடுத்திருந்தார். அது நகர்கிற வேகத்தில்தானே நகரும். வேலையை விட்டுத் தானாக நின்றுவிட்டார் என்று ஆகிவிட்டால் அனுபவச் சான்று கிடைக்காது. அது இல்லாவிட்டால் அத்தனை வருஷம் அவர் பார்த்த வேலை பார்க்காததுதான். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நேற்றுப் படித்து முடித்த பெண்ணோடு வரிசையில் நிற்க வேண்டும். ஊரில் படுக்கையில் இருந்த அப்பாவுக்கு இவர் அனுப்பினால்தான் உண்டு. அதனால் அந்தப் பெஞ்சை அவரால் ஒரு நாளும் விட முடியவில்லை. சாயங்காலம் வீடுகளுக்குப் போய் வயதானவர்களுக்குக் கட்டு மாற்றிக் கொடுத்துக் காலத்தை ஓட்டினார்.

வண்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் அவரைப் பார்ப்பேன். நகர பஸ்கள் வந்து நிற்கும், இவர் ஏறுவாரோ என்று கண்டக்டர் பார்ப்பார், இவர் தலையை ஆட்டுவார், பஸ் போய்விடும். கொஞ்ச நாளில் கண்டக்டர்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு நோயாளிகளின் வீட்டார் அவரிடம் வந்து வழி கேட்பார்கள். மருந்துச் சீட்டைக் காட்டி இதைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்பார்கள். அவர் பொறுமையாகச் சொல்லுவார். திருப்பிச் சொல்லச் சொல்லுவார். இந்த நர்சிங் ஹோமில் வெளியிலேயே ஒரு சிஸ்டரை உட்கார வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு என்று ஒரு பெரியவர் என்னிடமே பாராட்டினார்.

கூட வேலை பார்த்தவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை. டீ குடிக்க முன்வாசல் கடைக்குப் போகிறவர்கள் பின்வாசல் கடைக்கு மாறினார்கள். பஸ் ஏற அடுத்த ஸ்டாப்புக்கு நடந்தார்கள். நஞ்சன்கூட்டிலிருந்து வருகிற ஒரு சிஸ்டர், இவரோடு ஒரே ஷிஃப்டில் வருஷக்கணக்காக இருந்தவர், குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு போவதை நானே பார்த்தேன். அன்றைக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

காலையில் கேட்டுக்குப் போய்க் கேட்பதை அவர் ஒரு நாளும் நிறுத்தவில்லை. செக்யூரிட்டி அண்ணன் தூரத்திலேயே இல்லை என்று கையை அசைப்பார். இவர் கிட்டே போய், "உள்ள விடுவீங்களாண்ணா?" என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். நான் டீ வாங்கிக்கொண்டு போய் வண்டி ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். ஒரு தடவை, வெறுத்துப் போகலையா சிஸ்டர் என்று கேட்டேன். வெறுப்பு இல்லையாம். பேசுவதற்கு ஆள் இல்லாததால் சாயங்காலம் ரூமுக்குப் போய்ப் பார்த்தால் குரலே எழும்ப மாட்டேன் என்கிறதாம், அதற்காகத் தனியாக ஜெபத்தைச் சத்தமாகச் சொல்கிறாராம்.

லேபர் ஆபீசில் விசாரணைக்கு அழைத்த அன்று நடந்ததை அவரே சொன்னார். நர்சிங் ஹோம் சார்பில் மேனேஜர் வந்திருக்கிறார். ஆபீசர் கேட்டதும், நாங்கள் அவரை நீக்கவே இல்லை சார், அவராகத்தான் நின்றுவிட்டார், இப்போதும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார். தினமும் கேட்டில் நின்றதைச் சிஸ்டர் சொன்னார். கேட்டில் கேமரா இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மேனேஜர் வெளியே போய் மேடத்தோடு போனில் பேசிவிட்டு வந்து, மேடம் நாளைக்கே வரச் சொல்கிறார் என்றார். ஆபீசர் சிஸ்டரைப் பார்த்து, சந்தோஷம்தானேம்மா, நாளைக்குப் போய்ச் சேருங்கள் என்றார்.

"எழுதிக் குடுக்கச் சொல்லுங்க சார்" என்றார் சிஸ்டர்.

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். கடைசியில் அங்கேயே டைப் அடித்து, நடுவில் விட்டுப்போன நாளும் வேலை நாள்தான் என்று சேர்த்து, கையெழுத்துப் போட வைத்து வாங்கிக்கொண்டுதான் சிஸ்டர் எழுந்திருக்கிறார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியே இருக்க மாட்டேன். ஜெயித்தார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

உள்ளே வந்தவரை வார்டில் போடவில்லை. துணி அறையில் போட்டார்கள். போர்வை, பெட்ஷீட், ஆபரேஷனுக்கு விரிக்கிற பச்சைத் துணி எல்லாம் அடுக்கி வைக்கிற அறை. ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற சரிவுக்குப் பக்கத்தில், காரிடாரின் கடைசியில் இருந்தது. சம்பளம் அதே நர்ஸ் சம்பளம்தான். ஆனால் நோயாளி இல்லை, டாக்டர் இல்லை, எழுதி வாங்க ஆர்டரும் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் துணி மடிப்பார்.

அந்தச் சமயத்தில் டூட்டியை மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஒரே மூச்சாக எட்டு மணி நேரம் என்று இருந்ததை உடைத்து, காலையில் நாலு மணி நேரம், வீட்டுக்குப் போய்விட்டு ராத்திரிக்கு முன்னால் மறுபடி நாலு மணி நேரம். அதற்கு ஸ்பிளிட் டூட்டி என்று பெயர். நஞ்சன்கூட்டிலிருந்து வருகிறவர் நடுவில் எங்கே போவார்? பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்திருக்கிறவர் சாயங்காலம் என்ன செய்வார்? ஆனால் யாரும் யாரிடமும் பேசவில்லை. யார் யாருடைய ஆள் என்று யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் நான் கவனித்தேன். ஒவ்வொருவராகத் துணி அறைக்கு வர ஆரம்பித்தார்கள். கையில் ஒரு பெட்ஷீட் இருக்கும். அழுக்குப் பெட்ஷீட்டை மாற்ற வருகிற மாதிரி வருவார்கள். பெட்ஷீட் சுத்தமாகத்தான் இருக்கும். கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசுவார்கள். வெளியே வரும்போது காரிடாரில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பார்கள். குடையைச் சாய்த்துக்கொண்டு போன சிஸ்டர் வந்தார். ரிசப்ஷன் பெண் வந்தாள், பரெது கொடி என்று முதலில் கேலி செய்ததே அவள்தான். லேப் பையன் வந்தான். ஆயாக்கள் வந்தார்கள். செவப்புக் கொடியா என்று கேட்ட அந்த வயதான அம்மாகூட வந்தாள். ஒருவர் வந்தது இன்னொருவருக்குத் தெரியாது. வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கிற எனக்கு மட்டும் எல்லாரும் வந்தது தெரிந்தது.

ஒரு மத்தியானம் நான் துணி அறை வாசலில் போய் நின்றேன். சிஸ்டர் போர்வையை உதறி மடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் அந்த டூட்டி விஷயம் கேட்கத்தானே வருகிறார்கள் என்று கேட்டேன்.

"யாருங்ணா வந்தாங்க?" என்றார், நிமிராமல்.

நான் பார்த்தேனே என்றேன். பெட்ஷீட் மாற்ற வருவார்கள் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு வக்கீல் சொன்னாரே, இதற்குக் கூட ஆள் வேண்டும், கணிசமாக வேண்டும் என்று. இப்போது மொத்த ஆஸ்பத்திரியுமே உங்களிடம் வந்துவிட்டது. ஒருத்தரைப் பற்றி ஒருத்தரிடம் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார வைத்தால் போதாதா என்று கேட்டேன்.

அவர் போர்வையை அடுக்கின் மேல் வைத்தார். "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. சொல்ல மாட்டேன்னு சொல்லிப்போட்டேங்ணா. தனித்தனியா, எல்லாருக்கும்."

"வாயாலதானே சிஸ்டர் சொன்னீங்க? எழுதியா குடுத்தீங்க?"

அவர் சிரித்துவிட்டார். நான் பார்த்து அவர் சத்தமாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரிப்பு அடங்கியதும் அடுத்த போர்வையை எடுத்துக்கொண்டார்.

"அது மத்தவங்க எனக்குச் சொல்றதுக்குங்ணா. நான் சொல்றதுக்கு இல்லை."

வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும், நீங்களே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாராம். ஐயோ, அவளிடமா, அவள் நேராக மேடத்திடம் போய்விடுவாள் என்றார்களாம். அந்த அவளும் முந்தின நாள் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதையேதான் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். பெயரைச் சொல்லாமல் இவ்வளவுதான் எனக்குச் சொன்னார்.

டூட்டி மாற்றத்தைச் சொல்வதற்கு ஒரு நாள் ரிசப்ஷன் ஹாலில் எல்லாரையும் கூட்டினார்கள். ஓ.பி. முடிந்த மத்தியான நேரம். டிரைவர்களைக் கூப்பிடவில்லை. எங்களுக்கு எப்போதும் கூப்பிட்ட நேரம்தான் டூட்டி. நான் ஒரு நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு வந்து, டிரிப் சீட்டில் கையெழுத்து வாங்க ஹால் வாசலில் நின்றேன். மேடம் பேசிக்கொண்டிருந்தார். இது உங்கள் நல்லதுக்குத்தான், மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு ஓய்வெடுக்கலாம் என்றார். பிறகு, யாருக்காவது இதில் கஷ்டம் இருந்தால் இப்போதே சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம் என்றார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. சிஸ்டர் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. முன்னால் இருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். அவசரப்படாமல் பார்த்தார். கடைசித் தலை வரைக்கும் பார்த்துவிட்டு எழுந்தார்.

"எனக்குக் கஷ்டங்க மேடம்."

எல்லாரும் திரும்பினார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துணி அறைக்கு இந்த டூட்டியே கிடையாதே, உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டார்.

"யாருக்காகப் பேசறே? யார் வந்து சொன்னாங்க உன்கிட்ட?"

திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் எல்லாம் அந்த நிமிஷம் ஒன்று போல இருந்தன. நஞ்சன்கூடு சிஸ்டர் கையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். ரிசப்ஷன் பெண் தரையைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லலைங்க மேடம்" என்றார் சிஸ்டர். "நான் ஒருத்திதான்."

சரி, உட்கார் என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த விஷயத்துக்குப் போனார். சிஸ்டர் உடனே உட்காரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மேடம் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எல்லாரும் திரும்பி முடித்த பிறகு, நாற்காலியைச் சத்தம் வராமல் இழுத்து அவர் உட்கார்ந்தார்.